ஸ்காட்லாந்திலிருந்து எழுதிய தாஜுன்னிசா

அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதும் பழக்கம் தாஜுன்னிசாவுக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. பெரியபட்டினத்தில் அவர்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் சவூதியிலும் குவைத்திலும் இருந்தார்கள். எழுதத் தெரியாத பெண்கள் ஏர்மெயில் தாளைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டுவார்கள். அவர்கள் சொல்வதை அவள் எழுதுவாள். சொல்லாததையும் எழுதுவாள். எதிர்வீட்டு மெஹருன்னிசா ஒருமுறை மூன்றே செய்தி சொன்னாள்: நலம், பணம் வந்தது, கூரை ஒழுகுகிறது. மூன்றாவது செய்தியோடு தாஜுன்னிசா தன் கணக்கில் ஒரு வரி சேர்த்தாள்: ‘நீங்கள் படுக்கிற இடத்தில்தான் முதல் சொட்டு விழுகிறது.’ மெஹருன்னிசாவின் கணவர் அடித்துப் பிடித்து லீவு வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் ஒழுகியது அடுப்படி. விசாரணை நடந்தது. தாஜுன்னிசாவின் வாப்பா அவளுடைய பேனாவைப் பிடுங்கி ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பேனா திரும்பி வந்தது. பழக்கம் போகவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில், சீமைக்கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினைந்து வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். இலக்கியம் இல்லை. அலுவலக ஆங்கிலம்: விலை விசாரித்து எழுதுவது, புகார் எழுதுவது, மன்னிப்புக் கேட்டு எழுதுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது. இதற்கென்று ஏசி போட்ட லேப் ஒன்று உண்டு. பாடப் புத்தகமும் உண்டு. அதன் எல்லாப் பயிற்சிகளும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: நீங்கள் எக்ஸ்ஒய்இசட் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூறு நாற்காலிக்கு ஆர்டர் கொடுங்கள்.

இறுதியாண்டு மெக்கானிக்கல் வகுப்பில், மண்டபத்து மாரீஸ்வரன் ஒருநாள் கை தூக்கினான்.

“மேடம், ஒரு டவுட்டு. எக்ஸ்ஒய்இசட் கம்பெனிக்கு எதுக்கு வருஷா வருஷம் நூறு நாற்காலி? சீனியர்ஸ் ஆர்டர் பண்ணுனதே அங்கன குமிஞ்சு கெடக்குமே.”

வகுப்பு சிரித்தது. தாஜுன்னிசாவும் சிரித்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. உலகத்தில் இல்லாத ஆளுக்கு, வேண்டாத நாற்காலிக்காக, யாரால் மனம் வைத்து எழுத முடியும்? கேட்கிற முகம் ஒன்று எதிரே இல்லாவிட்டால் தாய்மொழியே வராது. பதினைந்து வருடமாக அவள் எழுத்துக்கான விதிகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளே தவிர, எழுதுவதற்கு ஓர் ஆளைக் கொடுத்ததில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பதினைந்து வருடம் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

மறுநாள் அவள் ஓர் ஆளைச் செய்தாள்.

பெயர் கிரிகரி ஹால்டன். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஒரு சிறு துறைமுகம். வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி, இரண்டு மீன்பிடிப் படகு, மீனுக்கு ஐஸ் பெட்டி செய்யும் ஒரு பட்டறை. மாணவர்கள் கூகுளில் தேடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் முதல் கடிதத்திலேயே ஹால்டன் முந்திக்கொண்டார்: ‘எனக்கு இணையதளம் கிடையாது. மீன் அதைப் பார்த்து வருவதில்லை.’ தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ பெரிய விசைப்படகு முதலாளி யாரும் இணையதளம் வைத்திருக்கவில்லை என்பதால் இது எல்லாருக்கும் நம்பும்படியாகவே இருந்தது.

வகுப்பில் வாயே திறக்காத பதினான்கு பேரை அவள் தேர்ந்தெடுத்தாள். எல்லாரும் கடற்கரைப் பிள்ளைகள். வகுப்பைச் சிரிக்க வைப்பானே தவிர ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசாத மாரீஸ்வரனும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போயிற்று. ‘உங்கள் ஊர்ப் பக்கத்துப் படகுகளில் ஐஸ் எத்தனை நாள் தாங்குகிறது, ஏன் என்று ஒரு பொறியாளராக எனக்கு விளக்க முடியுமா?’

காலையில் பதினான்கு பேரும் கடிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், குட்டு உடையும், எல்லாரும் சிரிப்பார்கள், அதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம் என்பது அவள் திட்டம். காலை வந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. பதினான்கு முகமும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பதில்கள் வந்து சேர்ந்தன.

அவள் வகுப்புக்கு இரண்டு வரி எழுத மாட்டாத பென்னி, ஹால்டனுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தான். தங்கச்சிமடத்து மரியதாஸின் மகன் அவன். கட்டியாகப் போடும் ஐஸுக்கும் உடைத்துப் போடும் ஐஸுக்கும் உள்ள வித்தியாசம், பெட்டியின் மூலையில் காற்றுப் புகும் இடம், அடியில் தண்ணீர் தேங்கினால் மீன் என்னவாகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நன்றாக எழுதியிருந்தான் என்று சொல்ல முடியாது. சொல்ல ஏதோ இருந்து எழுதியிருந்தான். ஹால்டன் திருப்பி எழுதினார்: ‘மூன்றாவது பத்தி புரியவில்லை. நான் வயதானவன், மெதுவாகச் சொல்லுங்கள்.’ பென்னி அந்தப் பத்தியை நான்கு முறை மாற்றி எழுதினான். தாஜுன்னிசா மேடத்துக்காக அவன் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்றியவன் இல்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம். ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஆச்சரியம். பிறகு அது ருசியாக மாறியது. இடைவேளைகளில் உட்கார்ந்து ஹால்டனாக எழுதினாள். ஹால்டனுக்கு ஒரு நாய் வந்தது. அந்த நாய்க்கு ஒரு குணம் வந்தது. தம்மாமில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கணவர் காஜா நவாஸுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“என்ன புள்ள, அந்த ஸ்காட்லாந்துக்காரன் எழுதுறதுல பாதி எனக்கு எழுதக் கூடாதா?” என்றார் போனில்.

“ஒங்களுக்கு எழுதுனா நீங்க வாட்ஸ்அப்புல ஒரு கட்டைவிரல அனுப்பி வைப்பீங்க. அந்தப் புள்ளைக பதில் எழுதுதுக.”

ஆகஸ்டில் பாடத்திட்டம் வேலை விண்ணப்பத்துக்கு வந்தது. ஹால்டனும் வந்தார். ‘அடுத்த ஜூனில் பட்டறைக்கு ஓர் இளம் பொறியாளர் தேவை. ஒரே ஒருவர். உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.’ இரண்டே நாளில் பதினான்கு விண்ணப்பங்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அனுப்பினாள்: ‘உங்கள் விண்ணப்பம் பிடித்திருக்கிறது. ஜூனில் உங்களை எதிர்பார்க்கிறேன்.’

ஏன் அப்படி எழுதினாள்? நல்ல விண்ணப்பத்துக்கு நல்ல பதில் வர வேண்டும் என்றுதான். அந்த வெள்ளிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிடுவதாக இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை உம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அடுத்த வெள்ளி இன்டர்னல் தேர்வு. அதற்கடுத்த வெள்ளிக்குச் சரியான காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, வேலைவாய்ப்புப் பொறுப்பாளர் வேல்ராஜ் ஒரு தாளோடு வந்து நின்றார்.

“மேடம், திங்கக்கெழம கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி வாரான். இன்னைக்கு நாலு மணிக்கு லிங்க் மூடிரும். ஒங்க லேப்ல பதினாலு பேரு இன்னும் பேர் குடுக்கல. கேட்டா சிரிக்கிறானுக.”

“பதினாலா? யார் யாரு?”

வேல்ராஜ் வாசித்தார். நாலாவது பெயரிலேயே அவள் தாளை வாங்கி மீதியைத் தானே படித்தாள். இந்த வரிசை அவளுக்குத் தெரியும். ஹால்டனின் பெட்டியில் இதே வரிசைதான்.

பென்னியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா பேர் குடுக்கல?”

“வேணாம் மேடம்.”

“வேணாம்னா? இங்கனயே வந்து ஆள் எடுக்குறாங்க.”

“எடுத்தா ரெண்டு வருஷம் வேற எங்கனயும் போகமாட்டேன்னு கையெழுத்து வாங்குறாங்க மேடம்.” கூரையைப் பார்த்தான். “நமக்கு... ஏதோ ஒண்ணு இருக்கு.”

“என்ன ஒண்ணு?”

“சும்மா, ஏதோ.”

அந்த ‘ஏதோ’ அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறை இடத்தை இந்தக் கரையில் ‘பார்’ என்பார்கள். நல்ல பார் ஒன்றைக் கண்டுவிட்ட மனிதர் அதைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்ல மாட்டார். பென்னியின் அய்யா மரியதாஸ், வேற்றாள் படகில் காலை வைத்தால் ஜிபிஎஸ் கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடுகிறவர். பதினான்கு பேரும் ஹால்டனைத் தனக்கு மட்டும் அகப்பட்ட பார் என்று நினைத்துத் துண்டு போட்டு மூடிவிட்டார்கள். பெரியபட்டினத்துக்காரியான அவளுக்காவது இது உறைத்திருக்க வேண்டாமா? விசா கைக்கு வந்து டிக்கெட் போடும்வரை காஜா நவாஸ் தம்மாம் போகிற செய்தியை அவள் தன் உடன்பிறந்த தங்கைக்கே சொன்னதில்லை.

ஆக, அவள் செய்த விளையாட்டில் பதினான்கு பேர் கைக்கு எட்டிய ஒரே வேலைவாய்ப்பை விட்டுவிடப் போகிறார்கள். மணி இரண்டு ஐம்பது.

மூன்று மணிக்குப் பதினான்கு பேரையும் லேப்பில் உட்கார வைத்தாள். புரொஜெக்டரைப் போட்டாள். திரையில் கிரிகரி ஹால்டனின் மின்னஞ்சல் பெட்டி விரிந்தது. வரிசையாகப் பதினான்கு பெயர்கள்.

பெரியபட்டினத்து சுஹாதான் முதலில் பேசினாள். “இது ஹால்டன் சார் மெயிலு. இதுல நீங்க எப்டி மேடம்?”

“நாந்தாம்மா ஹால்டன்.”

தாஜுன்னிசா தன்மேல் இடி விழக் காத்திருந்தாள். இடி வேறு பக்கம் விழுந்தது.

“ஏலே, நீயுமா?” மாரீஸ்வரன் பென்னியின் சட்டையைப் பிடித்தான். “ஒரே பெஞ்சுலேலே ஒக்காந்திருக்கோம்!”

“நீ மட்டும் சொன்னியாக்கும்? வீட்டுல விசேஷம்னு லீவு போட்டியே, இதத்தான் எழுதிக்கிட்டு கெடந்தியா?”

“சுஹா, நீ கூடவா? ஒங்க வாப்பாவே வெளிநாட்டுல இருக்காரு.”

“எங்க வாப்பா இருக்குறது பாலைவனம். நான் குளுரு ஊரு கேட்டேன். ஒனக்கென்ன?”

“அந்த நாய் கத எனக்கு மட்டும் எழுதுனாருன்னு நெனச்சேன்லே,” என்றான் பின்வரிசையில் ஒருவன், நிஜமான வருத்தத்தோடு.

சத்தம் அடங்கியபோது பென்னி எழுந்து நின்றிருந்தான்.

“எங்கம்மா மதுரைக்கிப் போயி ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துருச்சு மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சிமடத்தின் வெக்கையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட கம்பளி ஸ்வெட்டரை எல்லாரும் மனசுக்குள் பார்த்தார்கள். பென்னியின் அம்மா யாகப்பம்மாள் அதை எந்த ஊர்க் குளிருக்காக வாங்கினாள் என்றுகூடக் கடைக்காரனிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

“தப்புதான்ப்பா. ஆனா நாலு மணிக்கு அது மூடிரும். மொதல்ல பேரக் குடுங்க, அப்பறம் என்னைய என்ன வேணா திட்டுங்க.”

பென்னி உட்கார்ந்து கைபேசியில் எதையோ தட்டினான். நாலு நிமிடம். டிங் என்று சத்தம் வந்தது. திரையில், ஹால்டனின் பெட்டியில், புதுக் கடிதம் ஒன்று எல்லார் கண்ணெதிரிலும் வந்து விழுந்தது.

அவள் திறந்தாள். புகார்க் கடிதம். அவள் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தும் வகுப்பில் ஒருவருக்கும் வராதது. என்ன நடந்தது, எந்தத் தேதியில், அதனால் என்ன இழப்பு, என்ன பரிகாரம் வேண்டும். அழுகையும் இல்லை, வசவும் இல்லை. பரிகாரம் கடைசி வரியில் இருந்தது: ‘இன்று 3.45க்குள் பதினான்கு பேருக்கும் எழுத்துமூலம் மன்னிப்பு. திருப்தியாக இல்லாவிட்டால் நான் பெயர் கொடுக்கப் போவதில்லை.’

“நானும் குடுக்கல,” என்றான் மாரீஸ்வரன்.

“நாங்களும்,” என்றாள் சுஹா.

மணி மூன்று இருபத்திரண்டு. தாஜுன்னிசா கணினி முன் உட்கார்ந்தாள். அவள் தட்டுவது திரையில் எழுத்து எழுத்தாக விரிந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற மாமூல் வரியில் தொடங்கினாள்.

“மேடம்,” என்றது ஒரு குரல். “இந்த வரிய எழுதுனவனுக்கு நீங்க முட்ட போட்டீங்க. ரயில்வே ஸ்டேஷன் மைக்கான்னு கேட்டீங்க.”

அழித்தாள். ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது என்று எழுதினாள்.

“அதா நிகழ்ந்துச்சா மேடம்?” சுஹா கேட்டாள். “சொவர் இடிஞ்ச மாதிரி?”

அழித்தாள். மொழி கற்பதில் உண்மையான வாசகரின் அவசியம் பற்றி ஐந்து வரி எழுதினாள். நல்ல வரிகள். ஒரு கருத்தரங்கில் கைதட்டு வாங்கியிருக்கும்.

“காரணம் சொல்றீங்க,” என்றான் பென்னி. “நாங்க காரணம் கேக்கல.”

மூன்று முப்பத்தாறு. வாழ்நாள் முழுக்க மற்றவர் பெயரில் எழுதியவளுக்குத் தன் பெயரில் நாலு வரி வரவில்லை. பதினான்கு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேகமாகத் தட்டினாள்:

‘ஹால்டன் என்று ஒருவர் இல்லை. அவர் பெயரில் எழுதியது நான். ஜூன் மாத வேலையும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிவிட நினைத்தேன், சொல்லவில்லை. உங்கள் கடிதங்கள் நின்றுபோவதில் எனக்கு விருப்பம் இல்லை. அது என் சந்தோஷம். அதற்கு விலையாக உங்கள் வேலையை வைத்தேன். என்னை மன்னியுங்கள்.’

ஒருவரும் திருத்தம் சொல்லவில்லை.

“கையெழுத்து யாரு போடுவா மேடம்?” என்றான் மாரீஸ்வரன், மெதுவாக. “நாயா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் ‘தாஜுன்னிசா’ என்று அடித்துவிட்டுப் பென்னியைப் பார்த்தாள்.

“எப்டிப்பா?”

“பத்துக்கு ஆறு,” என்றான். “அனுப்புங்க.”

பதினான்கு கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக டிங் என்றன.

“அம்மாட்ட நான் வந்து சொல்லட்டுமாப்பா?”

“ஐயோ, வேணாம் மேடம். நீங்க வந்து நின்னா பாவம்னு அந்த ஸ்வெட்டர ஒங்களுக்குக் குடுத்துரும்.”

மூன்று நாற்பத்து மூன்று. பெயர் கொடுக்கும் லிங்க் திறந்தது. இந்த நிறுவனம் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று நூற்றைம்பது சொல்லில் எழுதச் சொல்லியிருந்தது. பதினான்கு பேரும் குனிந்தார்கள். யாரும் திரையை மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது? ஒருவன் வாக்கியத்தை இன்னொருவன் எட்டிப் பார்த்துத் திருடினான். திருடப்பட்டவன் தலையில் குட்டி, அதிலிருந்த பிழையையும் திருத்திக் கொடுத்தான். சத்தம் கேட்டு வேல்ராஜ் கதவைத் திறந்து, “என்ன மேடம், மீன் ஏலமா நடக்குது?” என்றார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சர்வர் திணறியது. சுஹாவின் பக்கம் இரண்டு முறை நின்று சுற்றியது. பென்னி கடைசியாக அழுத்தினான். மூன்று ஐம்பத்தெட்டு.

பம்ப் நிறுவனம் பதினான்கில் ஆறு பேரை எடுத்தது. பென்னி இருந்தான், சுஹா இருந்தாள். மாரீஸ்வரனை எடுக்கவில்லை, நேர்காணலில் அவன் பம்பைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னானாம், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லையாம். வாய் திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேச வைத்தீர்கள், மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு எடுங்கள் என்று முதல்வர் தாஜுன்னிசாவைக் கேட்டார். புத்தகத்தில் உள்ளபடிதான் சார் என்று சொல்லித் தப்பினாள். அவளுக்கு அதில் பெருமைப்பட ஏதும் தெரியவில்லை. ஆறு பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் பென்னிக்கு அதுகூட இல்லை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

அக்டோபர் கடைசியில் பணி ஆணைகள் வந்தன. ஏற்றுக்கொண்டு பதில் எழுத இரண்டு நாள் அவகாசம். சுஹாவும் மற்ற நாலு பேரும் தங்கள் பதிலை அவளிடம் காட்டித் திருத்தி வாங்கிப் போனார்கள். பென்னி வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, தங்கச்சிமடம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவனை வாசலில் பிடித்தாள்.

“ஏம்ப்பா, பதில் எழுதிட்டியா?”

“காலையிலயே அனுப்பிட்டேன் மேடம்.”

“ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல?”

அவன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

“அது கம்பெனிக்கு எழுதுனது மேடம்,” என்றான். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. “வாரேன் மேடம்” என்று ஓடிப் படியில் தொற்றிக்கொண்டான்.

தாஜுன்னிசா புழுதியில் நின்றாள். அந்தக் கடிதத்தை எப்படித் தொடங்கியிருப்பான், எங்கே பத்தி பிரித்திருப்பான், எத்தனை பிழை விட்டிருப்பான் என்று அவளுக்கு அரித்தது. கேட்டால் தந்திருப்பானோ என்னவோ. கேட்கவில்லை. இன்றுவரை அவள் அதைப் பார்த்ததில்லை.